முடக்குக்கு முன்னால் கத்த வேண்டும்

லுணுகலையிலிருந்து வரும் பஸ் எங்கள் தேயிலைத் தோட்டத்து முடக்கில் தானாக நிற்காது. வளைவு வருமுன்பே "பஹினவா" என்று சிங்களத்தில் சத்தம் போட்டு, இறங்க வேண்டும் என்பதைக் கண்டக்டருக்குச் சொல்ல வேண்டும். விட்டால் பள்ளத்தில் ஓடிப் பாலத்தடியில்தான் நிற்கும். அங்கிருந்து எங்கள் லயத்து வீடுகளுக்கு ஒரே ஏற்றம்.

எங்கள் வீட்டில் சத்தம் போடும் உத்தியோகம் அண்ணனுடையது. ஆண்பிள்ளை என்பதைத் தவிர அவனுக்கு அதற்கு வேறு தகுதி கிடையாது. என்னைப் போலவே ஆளைக் கண்டால் வியர்த்துப்போகிறவன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழியை எங்கள் லயத்தில் பையன்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். நான் பேசாமலிருந்தால் "அடக்கமான புள்ள" என்று பெரியம்மா கன்னத்தைக் கிள்ளுவாள். அவன் பேசாமலிருந்தால் "பொட்டப்புள்ள மாதிரி முழிக்கிறான் பாரு" என்று அப்பா மண்டையில் குட்டுவார்.

தங்கச்சி அம்மாவின் வயிற்றில் இருந்த சமயம். அண்ணனுக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது. மருந்தெடுத்துக்கொண்டு மூவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். வெளியே நல்ல மழை. அம்மாவின் கால்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. பாலத்தடிக்குப் போய்விட்டால் அவளால் ஏறி வர முடியாது என்பது எனக்கே விளங்கியது.

தேயிலை ஸ்டோரைத் தாண்டியதும் அண்ணன் எழுந்து கத்தினான். காற்றுதான் வந்தது. மறுபடியும் கத்தினான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். ஆண்கள் நிறைந்த பஸ்ஸில் அவள் என்றைக்கும் குரல் எழுப்பியதில்லை. அண்ணனின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு "பஹினவா" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் மணியை அடித்துவிட்டு, "தங்கச்சிக்கி நல்ல சத்தம்" என்று தமிழிலேயே சிரித்தார். முடக்கிலேயே இறங்கினோம்.

கேள்விப்பட்ட பெரியம்மா, "பொம்பளப் புள்ள பஸ்ஸுல இப்பிடியா கத்துறது" என்றாள். எப்போதும் அவளுக்குத் தலையாட்டுகிற அம்மா, "இவ கத்தலன்னா நான் இன்னும் ரோட்டுலதான் கெடப்பேன் அக்கா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அம்மாவை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடலாம். பதுளையில் மேடையேறி நான் பேசுகிற பேச்சுக்கெல்லாம் அதுதான் முதல்.

அண்ணனுக்குக் குரல் திரும்பியதும் என்னிடம் வந்து, "இனிமே பஸ்ஸுல நீயே கத்து" என்றான். தன் பெரிய பதவியை எனக்குத் தூக்கிக் கொடுக்கிறானே என்று பூரித்துப்போனேன். அவனுக்கும் நான் நன்றிக் கடன்பட்டவள்தான்.

அடுத்த ஞாயிறு சந்தைக்குக் கிளம்புமுன் அவன் ரொட்டியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பஸ்ஸில் போகிற நாட்களில் அதுவரை அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பசிக்கவில்லை என்பான். நானும் அவனுக்குப் பசிக்காது என்றே நினைத்திருந்தேன்.