ஏழரைக்கு முன் ஒரு புடவை

வழிகாட்டி வேலைக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகப் போய் விழுந்தேன். அக்காள் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "கூறைப்புடவை எடுக்கவா? சேலத்துத் துணித் தெருக்கள் எனக்கு நம் வீட்டுச் சமையலறை மாதிரி" என்று சொல்லி வைத்தேன். நம் வீட்டுச் சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்று இந்த நாற்பத்திரண்டு வயதிலும் எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

யுத்த காலம். நாமக்கல்லிலிருந்து கரிப்புகை கக்கும் பஸ்ஸில் ஞாயிறு சாயங்காலம் வந்து சத்திரத்தில் தங்கினோம். அக்காள், பெண்ணின் அம்மா, நான். மறுநாள் ஏழரைக்கு ராகு காலம். அதற்குள் புடவையை எடுத்து மாப்பிள்ளையின் தாய்மாமன் கையில் முதலில் கொடுக்க வேண்டும். இரு வீட்டாருக்கும் அதுதான் வழக்கம். தாய்மாமன் நான்தான். முகூர்த்தத்துக்குள் அந்த நாளை விட்டால் வேறு நல்ல நாள் இல்லை. சம்பந்தியம்மாவோ எங்கள் வீட்டை இன்னும் எடை போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில்கூட அக்காளுக்கும் தனக்கும் நடுவே ஒரு பையை வைத்துக்கொண்டுதான் வந்தார்.

விடியற்காலையில் கிளம்பினோம். பனிமூட்டத்தில் கடைவீதி தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தது. தையற்காரர்களின் மெஷின்கள் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்கின. சாயப்பட்டறைக் கொடிகளில் நூல் கற்றைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மண்ணில் சிவப்பு, அதன் பக்கத்தில் நீலம். நான் குடையை நீட்டி நீட்டி விளக்கம் சொல்லிக்கொண்டே போனேன்.

"இந்தக் கடையிலதான் ஜமீன் ஊட்டுப் பொம்பளைங்க சீலை எடுப்பாங்க."

"போன தெருவுலயும் அதே ஜமீனத்தானுங்க சொன்னீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"பெரிய ஜமீனுங்க" என்றேன்.

அம்மாபேட்டையில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவரின் தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இடுப்பு உயரத்தில், பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏறப்போகும் நெடுக்கு இழைகள், ஆயிரக்கணக்கில், கஞ்சி ஈரத்தோடு காற்றில் மிதந்தன. இரு பக்கமும் ஆட்கள் பிரஷ்ஷால் நீவிக்கொண்டே ஓசையில்லாமல் நடந்தார்கள். நடுவில் ஆறு ஓட, இரண்டு கரையிலும் வீடுகள் நிற்பதுபோல் இருந்தது. கனவுக்குள் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அந்த மயக்கத்தில் பெண்கள் இருவரும் இடது கரையில் போக, நான் வலது கரையில் போய்க்கொண்டிருந்தேன்.

பாதித் தெருவில் அக்காள் கேட்டாள்: "ஏன் தம்பி, எந்த ஊடு?"

எல்லாக் கதவும் நீலமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு வீட்டுக் கடிகாரம் ஏழு அடித்தது. ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வேர்த்தது. கடைசியில் வீடு தெரிந்தது. அக்காளுக்குப் பின்னாலேயே, இடது கரையில்! சுற்றிப் போக நேரமில்லை. குடையைச் சட்டைக் காலரின் பின்னால் மாட்டிக்கொண்டு பாவுக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். நான் குனிந்தேன், முதுகில் இருந்த குடை குனியவில்லை.

பட் பட்டென்று இழைகள் அறுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"அசையாதீங்க சாமி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தவர், நான் தேடி வந்த அதே நெசவாளர். நூலுக்கு அலைகிற காலம். கண்ணில் நீர் நின்றது அவருக்கு. அறுந்த முனைகளைப் பொறுக்கி என் இரண்டு கையிலும் கொடுத்தார். "இழுத்துப் புடிங்க. ஒண்ணொண்ணா முடிச்சுப் போடணும். விட்டீங்கன்னா சிக்காயிரும்." "கூறைப்புடவை எடுக்க வந்தோமுங்க" என்றேன். அவர் என் குடையைக் கழற்றிப் பார்த்து, "கல்யாணம் இந்தக் குடைக்குங்களா?" என்றார்.

அவர் மனைவி பெண்களை உள்ளே கூட்டிப் போனாள். நெசவாளர் முடிச்சுப் போட, நான் தெரு நடுவில் நின்றேன். வெயில் மெல்ல வந்து ஒவ்வொரு இழையிலும் ஏறியது. நூலாய் நூலாய் நானும் பிரிந்துபோவதுபோல் ஒரு சுகம்; அதற்கு நடுவே, "ஏழரை, ஏழரை" என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

இருவரும் புடவையோடு வெளியே வந்தார்கள். அக்காள் என் கைகளைப் பார்த்து விதிர்விதிர்த்துப் போனாள். "கையில குடுக்கோணுமே! இவன் கை எங்க இருக்குது பாருங்க!"

"நூலை உட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"உடுவீங்க!" என்றார் நெசவாளர்.

சம்பந்தியம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். உதடு துடித்தது. திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வந்தது சிரிப்பு. சேலைத் தலைப்பை வாயில் வைத்தும் அடங்காத சிரிப்பு.

"முழங்கையும் கைதானுங்களே" என்று சொல்லி, புடவையை என் முழங்கை மடிப்பில் சொருகினார். "கெட்டியா வெச்சுக்குங்க. நாங்க ரண்டு பேரும் காப்பி குடிச்சுப்போட்டு வாரோம்."

"எனக்குங்க?"

"நீங்க ஜமீன் கதையை நூலுக்குச் சொல்லிட்டு இருங்க" என்று அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இருவரின் சிரிப்பும் தெருமுனை திரும்பும் வரை கேட்டது. ராகு காலம் வந்தபோது நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். இன்னும் பதினேழு இழை பாக்கி.