ஒரு போன், ஐந்து பேர்

"உங்கள் இணையவழிக் கற்கைத் தளம் மேம்படுத்தப்பட்டுள்ளது. மகிழ்ச்சியுடன் பயன்படுத்துங்கள்."

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இப்படி ஒரு மின்னஞ்சல். மகிழ்ச்சியடைய நான் தயாராகத்தான் இருந்தேன். தளத்தின் பழைய சாம்பல் நிறம் போய்விட்டது. மழை ஓய்ந்த மறுநாள் வாவி காட்டும் ஒரு பச்சை. மூலைகளெல்லாம் மழுங்கி, எழுத்துகளெல்லாம் மெலிந்து... பார்க்க நன்றாகவே இருந்தது.

பிளேன் டீ ஆறுவதற்குள் தர்சினி அழைத்தாள்.

"மிஸ், எங்கட அஞ்சு பேர்ட கணக்கையும் பூட்டிட்டு."

"ஆர் பூட்டின?"

"ஒருத்தரும் இல்ல மிஸ். அதுவாப் பூட்டிட்டு!"

வார இறுதிகளில் நான், வீட்டிலிருந்தே பட்டம் படிக்கும் வெளிவாரி மாணவர்களுக்குத் தமிழ் படிப்பிப்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள் — அடுத்த தவணையும் நான் அங்கே போக வேண்டும். அந்த வகுப்பில் ஐந்து பேர் தூரத்துக் கதிரவெளிக் கிராமத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்திதான் தர்சினி; இன்னொருவன் குகன்.

அந்த ஐவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைகளை ஆளாளுக்கு எழுதுவார்கள். எழுதியதை ஆளாளுக்குத் தட்டச்சும் செய்வார்கள். ஆனால் அனுப்புவது தர்சினி மட்டும்தான். அவளுடைய போன் ஒன்றுதான் பெரிய கோப்புகளைத் தாங்கும். அவள் வீட்டுப் பின்வேலியோரம் ஒன்றில்தான் சிக்னல் ஒழுங்காக நிற்கும். ஆகவே அவள் வேலியோரம் நின்று, ஒருவர் கணக்கை மூடி அடுத்தவர் கணக்கைத் திறந்து, ஐந்தையும் ஏற்றிவிடுவாள். இரண்டு வருடமாக இப்படித்தான். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

புதிய அப்டேட்டுக்குக் குறை இருந்தது. ஒரே போனிலிருந்து ஐந்து ஒப்படைகளா? ஒரே ஆள் ஐந்து பேருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்! ஐந்தையும் பூட்டு!

பூட்டிய கணக்குக்கு ஒப்படைப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாதவருக்குப் பரீட்சை இல்லை. பரீட்சை மறுபடி வர ஒரு வருடம் ஆகும்.

"குகனிட அம்மா வாசலுக்கு வந்து ஏசிட்டுப் போறா மிஸ். 'உன்ட போனாலதானே என்ட புள்ளைக்கு ஒரு வருசம் பாழாகுது' எண்டு. குகனும் பின்னால நிண்டவன். ஒரு கதை கதைக்கல்ல."

அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. தன்னுடைய வருடத்துக்காக அல்ல. மற்ற நால்வரின் வருடத்துக்காக. உபகாரம் செய்தவளைக் குற்றவாளியாக்க ஒரு அப்டேட் போதும் என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

ரெஜியை அழைத்தேன். எங்கள் ஊர், தன்னாமுனைப் பிள்ளை. பல்கலைக்கழகத்தின் கற்கை நிலையத்தில் கணினிப் பகுதிக்கு அவன்தான் பொறுப்பு.

"அக்கா, ஒரே போன்ல அஞ்சு பேர். சிஸ்டம் என்ன நினைக்கும்?"

"அதுக்கு நினைக்கவும் தெரியுமா?"

"களவெண்டு நினைக்கும்."

"நீ என்ன நினைக்கிறாய்?"

நான் அந்த ஐந்து ஒப்படைகளையும் கையெழுத்தில் இருந்தபோதே வாசித்தவள். ஐந்திலும் ஐந்து விதமான பிழைகள்! பார்த்து எழுதியிருந்தால் பிழைகளாவது ஒத்துப்போயிருக்காதா? சொன்னேன். ரெஜி சிரித்தான். ஆனால் சிரித்தால் பூட்டுத் திறக்குமா?

"வெள்ளி பன்னிரண்டு மணிக்குப் பரீட்சைப் பட்டியல் போயிரும் அக்கா. அதுக்கு முதல் அஞ்சு பேரும் நேரில வரணும். அடையாள அட்டையோட. இஞ்ச கொம்பியூட்டர்ல இருந்து, போனுக்கு வாற இலக்கத்த அடிச்சாத் திறக்கும். வேற வழி எனக்கு ஏலா."

"அஞ்சு பேரும் அஞ்சு பேர்தான் எண்டு காட்டணும், அவ்வளவுதானே? கூட்டிக்கொண்டு வாறன்."

வெள்ளிக்கிழமை ஐவரும் முதல் பஸ்ஸில் வந்து, நான் காத்திருந்த செங்கலடியில் இறங்கினார்கள். தர்சினி முன்னால். நால்வரும் சற்றுத் தள்ளிப் பின்னால். குகன் ஆகக் கடைசி. இரண்டு ஓட்டோக்களில் ஏறிக் கற்கை நிலையம் போனோம். எங்கள் முறை வரப் பதினொரு மணியாகிவிட்டது.

ரெஜி அட்டைகளையும் முகங்களையும் பார்த்தான். ஐந்து கொம்பியூட்டர்கள் முன்னால் ஐவரும் அமர்ந்தார்கள். ஐவரும் ஒரே நேரத்தில், இலக்கம் கேட்கும் பொத்தானை அழுத்தினார்கள்.

இலக்கங்கள் எங்கே வரும்? தர்சினியின் போனுக்கு! ஐந்து பேரும் பதிவு செய்திருந்தது அந்த ஒரே போன் இலக்கத்தைத்தான்.

அதுவும் அந்தக் கட்டடத்துக்குள் சிக்னல் கிடையாது. தர்சினி வெளியே, ஜன்னலடிக்கு ஓடினாள். போன் சிணுங்கியது. ஐந்து செய்திகள், ஐந்து இலக்கங்கள். எது யாருடையது என்று ஒன்றிலும் இல்லை.

"முதலாவத அடிக்கட்டா?" என்றான் ஒருவன்.

"அடிக்காத!" ரெஜி பாய்ந்து வந்தான். "மூண்டு தரம் பிழைச்சா ஒரேயடியாப் பூட்டிரும். பிறகு நானும் திறக்க ஏலா."

மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாரைப் பார்க்க?

ஜன்னலுக்கு வெளியேயிருந்து தர்சினியின் குரல் வந்தது.

"எல்லாரும் கைய எடுங்க கா! ஒராள் ஒராளா. நான் பேர் சொன்னாத்தான் அமத்தணும். பிரியா, நீ முதல்."

பிரியா அழுத்தினாள். போன் சிணுங்கியது. தர்சினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இலக்கத்தைக் கூவினாள். பிரியா அடித்தாள். பச்சைத் திரை விரிந்தது.

அடுத்தவன். அடுத்தவள். பிறகு குகன். அவனுக்கு அவள் இரண்டு தரம், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவனுக்கும் திறந்தது.

நால்வர் கரையேறிவிட்டார்கள். ஐந்தாவது கொம்பியூட்டரின் முன்னால் மட்டும் ஆளில்லை. வெளியே நின்று போனைப் பிடித்தால் உள்ளே இருந்து அடிக்க முடியாது. உள்ளே வந்தால் இலக்கம் வராது. ஒருத்தி எப்படி இரண்டு இடத்தில் இருப்பாள்?

குகன் எழும்பினான். அவள் உள்ளே வரும்வரைகூடப் பொறுமையில்லை... ஜன்னல் கம்பிகளுக்குள்ளால் கையை நீட்டினான்.

"போனத் தா. நீ போய் இரி."

"விழுத்தினாயெண்டா கொல்லுவன்."

"சரி கா, ஓடு!"

ஓடினாள். போனோடு அவனும் வெளியே ஓடினான். ஊரெல்லாம் கேட்கும்படி இலக்கத்தைக் கூவினான். அவள் அடித்தாள். திறந்தது.

"அம்மாவிட்ட நான் சொல்லுறன்," என்றான் அவன், போனைத் திருப்பிக் கொடுக்கும்போது. திரும்பிப் போகும்போது ஐந்து பேரும் ஒரே ஓட்டோவில்தான் நெருங்கி ஏறினார்கள். ஓட்டோக்காரர் ஏசினார்.

பட்டியல் போய்விட்டது. ஐந்து பெயர்களும் அதில் இருக்கின்றன. ஆனால் விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த ஒப்படைக்கும் ஒரு வேலி, ஒரு சிக்னல், ஒரு போன். ஆகவே நிலையத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் — பலர் பாவிக்கும் போனைப் பலர் பாவிக்கும் போனாகவே பதிய ஓர் இடம் வையுங்கள் என்று. ரெஜியும் கீழே கையொப்பம் வைத்திருக்கிறான். பதில் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்பேன்.

ஒருவருக்கு ஒரு போன் என்று நினைத்து மென்பொருள் செய்கிற பிள்ளைகளே, கூடிச் செய்வது வேறு, களவு வேறு. எழுத்தில் விளங்கவில்லையென்றால் சொல்லுங்கள். ஐந்து பேரையும் நேரிலேயே கூட்டிக்கொண்டு வருகிறேன்.