ஹபீஸாவின் பெல்ட் பவுச்

அந்த வருடங்களில் அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் பக்கம் ஆண்பிள்ளை என்று ஒருவன் இருந்தால் இடுப்பில் செல்போன் தொங்கியாக வேண்டும். வேலை இருக்கிறதோ இல்லையோ, போன் இருக்கும். அதை மாட்டியிருந்த பிளாஸ்டிக் கிளிப்போ காரில் ஏறும்போது ஒரு முறை இடித்தால் போதும், பட்டென்று போய்விடும். நசுருதீன் இப்படி இரண்டு போனை உடைத்துவிட்டு மூன்றாவதையும் கீழே போட்டபோது, அவன் மனைவி ஹபீஸாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"கழட்டிக் குடுங்க. நானே தோல்ல ஒரு பவுச் தைச்சுத் தரேன்."

சும்மா சொன்ன வார்த்தை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் தையல் பிரிவையே கட்டி மேய்த்தவள் ஹபீஸா. அமெரிக்கா வந்ததும் விசா அவள் கையைக் கட்டிப் போட்டது. வேலைக்குப் போகக் கூடாது, எதையும் விற்கக் கூடாது. சமைக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், அதற்கு மட்டும் எந்த அரசாங்கமும் தடை சொல்லவில்லை.

சமையலறை மேடைதான் பட்டறை. போனைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஈரமாக்கிய தோலை அதன்மேல் போர்த்தி, கரண்டிக் காம்பால் தேய்த்துத் தேய்த்து உருவம் எடுப்பாள். முறுக்கு அச்சின் நட்சத்திரத் தட்டை ஈரத் தோலில் அழுத்தினால் வரிசையாக நட்சத்திரங்கள் எழும்பும். ஓரங்களுக்கு டீ டிகாஷனைத் தடவுவாள், நல்ல பழுப்பு நிறம் ஏறும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது என்னவாக மாறும் என்று பார்க்கத் தெரிந்த மனுஷி, அவ்வளவுதான்.

நசுருதீன் அதை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போன அன்றே கேள்வி கிளம்பிவிட்டது. தோல் என்றாலே முகம் சுளிக்கும் ராமசுப்ரமணியன் கூட, "மாடா இல்லாம இருந்தா எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?" என்று காதோரம் வந்து கேட்டார். பிறகு தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பரவியது. யாரிடமும் காசு வாங்கியதில்லை. ஒருவருக்குக் கொடிப் பூ, ஒருவருக்கு மாங்காய், ஒருவருக்கு வெறும் புள்ளி என்று ஆளைப் பார்த்து வேலைப்பாடு போடுவாள். இரண்டு வருடத்தில் தமிழ்க்காரர்கள் கூடும் இடத்தில் பாதிப் பேர் இடுப்பில் ஹபீஸாவின் பவுச். "இது ஹபீஸா குடுத்தது" என்று அவர்கள் சொல்லும்போது, விசாவில் வெறும் டிபென்டன்ட், கணவனைச் சார்ந்தவள், என்று இருந்தவளுக்கு மறுபடியும் ஒரு பேர் கிடைத்திருந்தது. அந்தப் பேர் அவளுக்கு உயிர்.

போன் திரையில் கீறல் விழாமல் இருக்க உள்ளே மெத்தென்று ஒரு தோல் கொடுப்பாள். அதை சான் ஹோசேயில் ஒரு கடையிலிருந்து துண்டுத் தோல் மூட்டையாக வாங்கி வருவாள். பல வகையும் கலந்து கிடக்கும். அதில் மிருதுவான பழுப்புத் தோல் ஒரு வகை உண்டு, ஆட்டுத் தோல் என்றே நினைத்து எல்லாப் பவுச்சுக்கும் அதையே வைத்தாள்.

இரண்டாயிரத்து நான்கு, ரமலான் மாதம், ஒரு சனிக்கிழமை. பெருநாளுக்குள் இன்னும் பலருக்குத் தைக்க வேண்டியிருந்ததால், அந்தப் பழுப்புத் தோலே முழுதாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டாள். கடைக்காரப் பெண் சிரித்த முகமாக ஒரு அலமாரிக்கு அழைத்துப் போனாள். அதே நிறம், அதே மென்மை. மேலே சீட்டில் எழுதியிருந்தது: பன்றித் தோல்.

ஹபீஸா சீட்டை இரண்டு முறை படித்தாள். ஆம்பூர் ஃபேக்டரியில் ஆடு, மாடு, எருமை தவிர வேறு தோல் வாசலைத் தாண்டியதில்லை. முதலாளியும் முஸ்லிம், விட்டிருப்பாரா? பன்றித் தோல் எப்படி இருக்கும் என்று பார்க்கிற சந்தர்ப்பமே அவளுக்கு வாய்த்ததில்லை. தொட்டுத் தொட்டுத் தைத்தும் தெரியாமல் போனது அதனால்தான்.

அன்று மாலை ஒரு வாடகை ஹாலில் எல்லோருக்குமாக நோன்பு திறப்பு. ஃப்ரீவேயில் காரில் போகும்போது அவள் விஷயத்தைச் சொன்னதும், நசுருதீன் தன் பவுச்சைக் கழற்றிப் பின் சீட்டில் எறிந்தான்.

"இன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேங்க."

"தெரியாம நடந்தது. அல்லாஹ் மன்னிப்பான், மனுஷங்க மன்னிக்க மாட்டாங்க. அவங்க இதைப் போட்டுட்டே ரெண்டு வருஷமா தொழுதிருக்காங்க ஹபீஸா! இன்னிக்குப் போய் ஊர் முன்னாடி சொன்னா, நாளைக்கு எந்த மூஞ்சியோட நாம வெளிய போறது? பொறுமையா ஒவ்வொருத்தரா ஃபோன் பண்ணி வாங்கிக்கலாம்."

சரி என்று தலையாட்டினாள். அவளுக்கும் பயம்தான்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் இரண்டு வாய்க் கஞ்சியுமாக நோன்பு திறந்தாயிற்று. ஆண்கள் மஃரிபு என்ற மாலைத் தொழுகைக்கு எழுந்து வரிசை கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்பின் இடுக்கு வழியாக ஹபீஸா பார்த்தாள். கொடிப் பூ, மாங்காய், புள்ளி. எல்லாம் அவள் கைவேலை, எல்லாம் தொழுகை வரிசையில். தெரியாமல் நடந்தது என்று இத்தனை நாளைக்குச் சொல்லலாம். இந்தத் தொழுகைக்கு எப்படிச் சொல்வது?

அறிவிப்புக்கு வைத்திருந்த மைக் பக்கத்து மேஜையில் இருந்தது. எடுத்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம், தொழ வேண்டாம். நான் ஹபீஸா பேசறேன். நான் தைச்ச பவுச் உள்ள இருக்கறது பன்னித் தோல். இன்னிக்குக் காலைல கடையிலதான் எனக்கே தெரிஞ்சுது. ஆட்டுத் தோல்னு நெனச்சு வெச்சுட்டேன். தப்பு என்னோடது. தயவுசெஞ்சு கழட்டிடுங்க."

யாரோ ஒரு பெண் "யா அல்லாஹ்" என்றாள். முன் வரிசையில் தொழவைக்க நின்றிருந்தவர் மீரான் அங்கிள், அந்தக் கூட்டத்துக்கே மூத்தவர், கோபக்காரர் என்று பேர் வாங்கியவர். அவர் இடுப்பிலும் ஒன்று இருந்தது. அதை அவிழ்த்துத் தரையில் வைத்தார்.

"எல்லாரும் கழட்டிட்டு, கை கழுவி ஒளு செஞ்சிட்டு வாங்க. நேரம் இருக்கு, ஓடாதீங்க."

எல்லோரும் கை, முகம், கால் கழுவிச் சுத்தம் செய்து வந்து தொழுதபின் பிரியாணி பரிமாறினார்கள். ஹபீஸா கிச்சனில் பாத்திரங்களுக்கு நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நசுருதீன் வந்தான். அவள் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றான். அவன் பின்னாலேயே மீரான் அங்கிள்.

"மன்னிச்சிருங்க அங்கிள். இனிமே நான் தோலைத் தொடமாட்டேன்."

"அதை நீ எப்படிம்மா முடிவு பண்ணலாம்?" என்று எரிந்து விழுந்தார் அவர். "நீ வாயத் திறக்கலைன்னா எங்கள்ல ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. இந்த ஊர்ல ஷூ வாங்கறேன், பெல்ட் வாங்கறேன், உள்ள என்ன இருக்குன்னு எவன் சொல்றான்? இனிமே கேள்வி கேக்காம நான் போட்டுக்கறதுன்னா உன் கையால வந்ததுதான்."

தன் போனை மேடையில் வைத்துவிட்டு, "அளவு எடுத்துக்கோ" என்றார். அவருக்குப் பின்னால் கதவருகே ஆட்கள் நின்றிருந்தார்கள், ஆளுக்கொரு வெறும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒருவர் பின் ஒருவராக வந்து மேடையில் வைத்தார்கள்.

ஹபீஸா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு மேல ஒண்ணு வெக்காதீங்க," என்றாள், "ஸ்க்ரீன்ல கீறல் விழும்."