உப்புப் படியாத இடம்

பக்கத்து வீட்டு அக்காவைத் தெருவில் ‘நாற்காலிக்கார அக்கா’ என்றால்தான் தெரியும். தோட்ட உணவகங்களிலும் நீச்சல் குளத்தோரங்களிலும் கிடந்து, தெறிக்கும் தண்ணீரின் உப்பு ஏறி வெளுத்துப்போன பிளாஸ்டிக் நாற்காலிகளைப் புதிதாக்கித் தருவது அவர் தொழில். பழைய துண்டை வினிகரில் முக்கி நாற்காலிமேல் போர்த்துவார். அது காய்ந்துவிடாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். உப்பு இளகியதும் மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்ப்பார். கம்பி நாரை எடுக்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “கீறல் விழுந்தா உப்பு அதுக்குள்ள குடி வந்துரும். அப்புறம் காலி பண்ணாது” என்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கொல்லையில் கிடந்த நாற்காலியோ பார்க்கச் சகிக்காது. மாடித் தொட்டி நிரம்பி வழியும்போதெல்லாம் சாரல் அதன்மேல்தான் விழும். சுண்ணாம்பு பூசியதுபோல் உப்பு அப்பியிருந்தது. முதுகும் தொடையும் படுகிற இடம் மட்டும் பளிச்சென்று, அகன்ற ஓர் ஆளின் உருவமாகத் தெரிந்தது. சாரல் சுகம் என்று மாலைதோறும் அவர் கணவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அவர் இறந்து நான்கு வருடம். சாரல் நின்றபாடில்லை, அந்த இடத்தில் உப்பும் படிந்தபாடில்லை.

நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பிளாஸ்டிக்கில் ஏதோ கோளாறு என்று சொல்லிப் பார்த்தேன்.

“கோளாறு சாயங்காலம் வரும் தம்பி. இருந்து பாருங்க” என்றார் அக்கா.

நான் இருக்கவில்லை. வீட்டில் தலைபோகிற வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வெளியூரில் இருக்கும் மகன், அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக ஒற்றைக்காலில் நின்றான். “அவரத் தனியா விட்டுட்டு எப்படிடா வர்றது” என்பார் அக்கா. பொறுத்துப் பார்த்த மகன், அம்மா வேலைக்குப் போயிருந்த சமயம், அவருடைய முறைப்படியே நாற்காலியைத் தேய்த்துக் கழுவிவிட்டான். உப்போடு உருவமும் போயிற்று.

அக்கா திட்டவில்லை. “மறுபடி உப்பு ஏறட்டும். உக்கார்ற இடத்துலயும் ஏறிச்சுன்னா அவரு போயிட்டாருன்னு அர்த்தம். உன்கூட வந்துர்றேன்.”

ஏறியது. கோடை முடிவதற்குள் உட்காரும் இடமும் வெளுத்துவிட்டது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு அக்கா உள்ளே போய்த் துணிகளை மடிக்கத் தொடங்கினார். எனக்கு மனசே ஆறவில்லை.

கிளம்பும் நாளன்று வழியனுப்பப் போனேன். நாற்காலியைச் சுற்றி வந்த அக்கா, அதன் பின்னால் போய் அப்படியே நின்றுவிட்டார். முதுகுச் சாய்வின் மேல்விளிம்பில் நான்கு கோடுகளில் மட்டும் உப்பு இல்லை. பின்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெற்றிடம். பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருக்கும் கையின் தடம்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “கழுவின நாற்காலியில நான் சொல்லாம உக்காரக் கூடாதுன்னு கல்யாணமான புதுசுல ஒரு தடவ கத்தினேன். அதுலேருந்து கேட்டுட்டுத்தான் உக்காருவாரு. பாவி நான், இத்தன நாளும் நிக்க வெச்சிருக்கேன்.”

“அம்மா, வண்டி வந்துருச்சு” என்றான், நாற்காலிக்கு முன்னால் நின்ற மகன்.

அவர் காதில் அது விழவில்லை. உட்காரும் இடத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, “காஞ்சிருச்சுங்க, உக்காருங்க” என்றார்.

மகன் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டான். பிறகு வாசலுக்குப் போய், வண்டிக்காரரைத் திரும்பிப் போகச் சொன்னான்.