சாவி மட்டும் வேலைக்குப் போன நாள்

அன்று காலை ஏழு மணிக்குச் சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறியவர்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, அவள் தம்பி. பஸ்ஸில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொண்டு கடல் பார்க்கப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பல்கலைக்கழகத்தில் ஒரு லேபைத் திறந்து, பெருக்கி, பூட்டும் வேலை, பதினொரு வருடம் தினக்கூலி. போனால் காசு, போகாவிட்டால் இல்லை, காய்ச்சலோடும் போயிருக்கிறேன். மூன்று மாதம் முன்புதான் அங்கேயே லேப் அட்டெண்டராக நிரந்தரமானேன். ஆபீஸ் கிளார்க் என்னைக் கூப்பிட்டு, "வருஷத்துக்குப் பன்னெண்டு நாள் சி.எல். இருக்குய்யா. எடுக்கலன்னா வீணா பூடும்" என்றார். போகாத நாளுக்குக் காசு! நம்ப முடியவில்லை. ஒன்றே ஒன்று எடுத்துப் பார்ப்போம், சம்பளத்தில் வெட்டினால் ஆயுசுக்கும் எடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

எட்டரைக்கெல்லாம் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றோம். அலை அடித்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்தேன். இடுப்பில் ஏதோ குத்தியது. லேப் சாவி! பத்தரைக்குப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு.

"ஆபீசுக்கு ஒரு போன் போடு மாமா."

"போட்டா லீவ கேன்சல் பண்ணிடுவாங்க மச்சான்."

"அப்ப சாவிய பஸ்ல ஏத்து."

ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். புறப்படத் தயாராக நின்ற சிதம்பரம் பஸ்ஸின் கண்டக்டரிடம் சாவியைக் கொடுத்து, அவர் செல் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். எங்கள் டிபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கச் சொன்னேன். மறுபடி கடற்கரை. ஆலப்பாக்கம் தாண்டியிருக்கும் என்று கண்டக்டருக்கு ஒரு போன், புதுச்சத்திரம் என்று ஒரு போன்.

"சாவி நல்லா இருக்குதுங்க. சன்னலோரமா ஒக்காந்து காத்து வாங்குது. டிக்கெட்டுதான் எடுக்கல" என்றார் கண்டக்டர்.

"ஏங்க, கடலு முன்னாடி நின்னுகிட்டு செல்லையே பாக்குறீங்களே, நான் தனியாவா குளிக்கிறது?" என்றாள் மனைவி.

பத்தேகால் ஆனதும் பொறுக்க முடியாமல் கிளார்க்குக்கே போன் போட்டு, "சார், சாவி பஸ்ல வந்துகிட்டு இருக்குது சார், மன்னிச்சிடுங்க" என்றேன்.

"எந்தச் சாவி? லேப ஒம்பதரைக்கே தொறந்தாச்சுய்யா. ஆபீஸ் ஆணியில இன்னொண்ணு எப்பவும் தொங்குமே, தெரியாது? லீவுல இருக்குறவன் எதுக்குய்யா ஆபீசுக்குப் போன் போடுற? வை!"

பதினொரு வருடமாக நான் போகாவிட்டால் அந்தக் கதவு திறக்காது என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. அதற்குள் மச்சான், "மாமா லீவுல இருக்காரு, சாவி டூட்டிக்குப் போயிருக்கு" என்றான். மனைவி சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு அலைக்குள் ஓடினோம். என் செல்போன் சட்டைப்பையிலேயே இருந்தது என்பது அடுத்த அலையில்தான் தெரிந்தது. அதற்கும் சிரித்தோம்.

மாசக் கடைசியில் சம்பளம் முழுசாக ஏறியது. நம்பாமல் பாங்கு புத்தகத்தை இரண்டு தடவை பதிந்து பார்த்தேன். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அன்றே அடுத்த லீவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் லீவில் காசு போனது வாட்ச்மேன் கையிலிருந்துதான்: சாவி வாங்கப் போன ஆட்டோவுக்கு நூறு, கண்டக்டர் டீக்கு இருபது. கொடுக்கப் போகும்போதெல்லாம், "அடுத்த லீவுக்கு எதையாச்சும் மறந்து எடுத்துட்டுப் போவ, அப்ப சேத்து வாங்கிக்கிறேன்" என்கிறார். பாக்கி நூற்று இருபது ரூபாய்.