ஒரு மணிக் கீறல்

வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். ஆன்டெனாக்கள் வானத்திலிருந்து அள்ளிவரும் பதிவில் கார், கைபேசி, மின்கம்பி என்று கலந்துவிடும் இரைச்சலைச் சலித்து எறிவதுதான் இருபத்திரண்டு வருட வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அவர் சலித்ததை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. அந்த நல்ல பெயரைத் தவிர மனிதருக்கு என்ன இருந்தது? மனைவி போய் ஆறு வருடம். வீட்டில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர்.

இம்முறை வந்த ஆய்வாளர் சின்னப் பெண். நாற்பது நாளாக ஒரு ராட்சத விண்மீன் திரளைப் பதிவு செய்தாள். அதன் நடுவிலிருந்து இருபுறமும் தாரைகள் பீறிட்டு, லட்சக்கணக்கான ஒளியாண்டுகள் தள்ளி இரண்டு மடல்களாக விரிந்திருக்க வேண்டும். படத்தில் வடக்கு மடல் மட்டும் இருந்தது.

“ஒரு கைதான் இருக்கு அண்ணா! திங்கக்கிழமை கட்டுரைய அனுப்பிடுவேன்” என்று குதித்தாள்.

சல்லடைக்குக் காரணம் தெரியும். வடக்கு மடலின் முனை பளிச்சென்று கூர்மையாக இருந்ததால், தூரத் தூர நிற்கும் ஆன்டெனாக்களின் பதிவிலேயே தப்பியது. மங்கலாக, அகலமாகப் பரவியதெல்லாம் அருகருகே நிற்கும் ஆன்டெனாக்களுக்குத்தான் தெரியும். அவற்றின் பதிவு மொத்தத்தையும் தள்ளிவிட்டவர் இவர்.

தினமும் மதியம் ஒரு மணிக்கு அந்தப் பதிவில் பத்து நிமிடம் இரைச்சலாக ஒரு கீறல் விழுந்தது. கீறலை மட்டும் வெட்டியிருக்கலாம். வெட்டினால், தினமும் அதே நேரத்தில் விழும் ஓட்டை கண்ணில் படும்; சாப்பாட்டு வேளையில் இது யார் வேலை என்று கேள்வி வரும். அந்த ஆன்டெனாக்களுக்குப் பின்னால், கருவி அறையில் உட்கார்ந்து கைபேசியை இயக்கியவர் சாட்சாத் சல்லடைதான். கைபேசிக்குத் தடை என்று வாசலில் பலகை எழுதி மாட்டியவரும் அவரே. எப்படி இருக்கிறது கதை!

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் பெயர் பிழைக்கும். அந்தப் பெண் ஊர் சிரிக்க நிற்பாள். சனிக்கிழமை காலை அவள் மேசை முன் போய் நின்றார்.

“அனுப்பாதம்மா. இன்னொரு கையும் இருக்கும். நான்தான் மறைச்சுட்டேன்” என்றவர், ஒன்றுவிடாமல் சொன்னார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் முகம் சிவந்தது, ஆனால் கத்தவில்லை. தள்ளிய பதிவு அழிவதில்லை, மூடித்தான் கிடக்கும். இருவரும் அதைத் திறந்து, கீறல்களை மட்டும் வெட்டினார்கள். சாயங்காலம் படத்தின் தெற்கே, வடக்கைவிடப் பெரிதாக, புகைபோல ஒரு மடல் எழுந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு கேட்டாள். “தினமும் யார்கூட அண்ணா பேசுனீங்க?”

“யார்கூடவும் பேசலம்மா. மக கடல் தாண்டி இருக்கா. ஏதாவது அனுப்பியிருக்காளான்னு பார்ப்பேன்.”

“அனுப்புனாங்களா?”

அவர் திரையில் இருந்த நாற்பது கீறல்களையும் காட்டினார்.

“எல்லாம் ஒரே அளவா இருக்கு பாரு. வந்திருந்தா, ஒரு நாளாவது கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்ல.”