முதலிலேயே சொன்ன ‘வாறன்’

பத்து காஜா ஊரிலிருந்து மங்களம் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தபோது போன் மிகத் தெளிவாகக் கேட்டது. மதிய நேரம், ஒரு சொல்கூட உடையவில்லை. “மங்களம் அக்கா போயிட்டாங்க லா, சாந்தியக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து இப்பதான் சொன்னாங்க.” கொஞ்சம் உடைந்து கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

மங்களம் அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் மின்னணுவியலும் நான் கணிதமும் கற்பித்தோம். எங்களுக்கு எதிரெதிர் மேசை. அவர் யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். நான் சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து ஈப்போவின் புந்தோங்கில் குடியேறியவள். ஆமாம் என்பதற்கு அவர் சொல்லும் ‘ஓம்’ எனக்குக் கேலி, மலாய்க்காரர்போல் நான் பேச்சின் முடிவில் ஒட்டும் ‘லா’ அவருக்குக் கேலி. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் காலமாகிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு ஆளுக்கொரு வீட்டில் தனியாக இருந்துகொண்டு போனில்தான் குடும்பம் நடத்தினோம்.

அவருக்கு உறவென்று இருந்தவர் தம்பி குகன் மட்டும். நடுக்கடலில் ஒரு பழைய இழுவைக் கப்பலில் இயந்திரப் பொறியாளர். அங்கே இருப்பது செயற்கைக்கோள் போன் ஒன்றுதான். ஒரு மாலை நான் அக்கா வீட்டில் இருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்த எடுப்பிலேயே, “சரி தம்பி, வாறன்” என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் சாப்பாடு, முதுகுவலி என்று விசாரித்தார். பேச்சு பாதியில் அறுந்தது. அவர் பதறாமல் போனை வைத்தார்.

“என்னக்கா இது, ஆரம்பிக்கும்போதே வாரேன்னு சொல்றீங்க?”

“இது பங்குனி, சாந்தி. பொழுதுபட்டால் மேலே கலங்கும். நடுவிலை அறுந்தால் ஆர் வாறன் சொல்லுறது? முதலிலேயே சொல்லி வைச்சால் பிறகு நிம்மதியாய்க் கதைக்கலாம்.”

‘போகிறேன்’ என்று சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ‘வாரேன்’ சொல்லாமல் வாசல் தாண்டினால் நமக்கு மனசு உறுத்தும். அவர் அந்த வழக்கத்தை விடவில்லை, இடத்தைத்தான் மாற்றிக்கொண்டார்.

கலக்கம் என்பது அவருடைய சொல். நாம் சுவாசிக்கும் காற்றுக்கு வெகு உயரத்தில், வெயில் பட்டு மின்னேற்றம் பெற்ற ஒரு படலம் இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அதன் அடிப்பகுதி சீக்கிரம் மெலிந்துவிடும், மேல்பகுதி மட்டும் கனமாக நிற்கும். தண்ணீருக்கு அடியில் எண்ணெயை விட்டால் சும்மா இருக்குமா? மெலிந்தது குமிழி குமிழியாக மேலே கிளம்பும். பூமத்திய ரேகையை ஒட்டிய நம் ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம். பகலும் இரவும் சமமாகும் மாதங்களில் இன்னும் அதிகம். சூரியன் சீறும் ஆண்டுகளில் கேட்கவே வேண்டாம். செயற்கைக்கோளின் அலை அந்தக் குமிழிகளைக் கடந்து வரும்போது நட்சத்திரம் மினுக்குவதுபோல் ஏறி இறங்கும். அதனால்தான் போன் அறுகிறது, வழிகாட்டும் ஜிபிஎஸ் தடுமாறுகிறது. இதை அளந்து பார்க்க அக்கா தன் வீட்டுக் கூரையில் ஓர் ஆண்டெனா நட்டிருந்தார். வருபவர்கள் எல்லாம் டிவிக்கு என்று நினைத்தார்கள். அவர் திருத்தவும் மாட்டார்.

ஒருமுறை சுங்காயில் கல்யாணம் முடிந்து திரும்பினோம். இருட்டத் தொடங்கிய நேரம், என் போனின் வழிகாட்டி காரைச் செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. நான் பிறந்த தோட்டம்தான் அது. ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தபிறகு எனக்கே வழி தெரியவில்லை. “சனியன் பிடிச்ச போன், பொய் சொல்லுது” என்று கத்தினேன்.

“அது பொய் சொல்லேல்லை, சாந்தி. தனக்குக் கிடைச்சதைச் சொல்லுது. கிடைச்சது கலங்கிக் கிடக்கு.”

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், “இது லோரி போற பாதை லா அக்கா, பின்னாலேயே வாங்க” என்று பெரிய சாலைவரை கூட்டிவந்து விட்டார்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நான் நாற்காலியை இழுப்பதற்குள் “சாந்தி, வாறன்” என்றார். “நானே இப்பதானே வந்தேன்” என்று சிரித்தேன். பிறகு ஆண்டெனாவில் கூடு கட்டிய மைனாவைப் பற்றி நிறையப் பேசினார். கிளம்பும்போது, “என்ரை செய்தியைத் தம்பிக்கு மெசேஜிலை போடவேண்டாம். நீர் வாயாலை சொல்லும்” என்றார்.

அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தபோது மறுபடி மேலே கலங்கும் புரட்டாசி மாதம். குகன் இயந்திர அறையிலிருந்து பொழுது சாய்ந்த பிறகுதான் மேலே வருவார் என்றார்கள் கப்பல் அலுவலகத்தில். விடியற்காலையில் கப்பலிலிருந்து ஒரு படகு கரைக்குத் திரும்பும். அதைத் தவறவிட்டால் அக்காவுக்குக் கொள்ளி வைக்கத் தம்பி வர முடியாது. பத்து காஜா வீட்டில் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணை அழுத்தினேன்.

“தம்பி, நான் சாந்தியக்கா பேசுறேன், பத்து காஜாவிலேர்ந்து...” அறுந்தது. மறுபடி அழைத்தேன், வெறும் இரைச்சல். அழுகை வந்தது. எதை முதலில் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை குகனின் குரல் கேட்டதுமே சொன்னேன்: “அக்கா வாரேன்னு சொல்லிட்டாங்க, தம்பி. காலைப் படகுல வாங்க.” அறுந்தது. அதன்பிறகு கிடைக்கவே இல்லை.

மறுநாள் மதியம் குகன் வாசலில் வந்து நின்றார். “முழுசாக் கேட்டுச்சா தம்பி?” என்றேன்.

“இல்லை அக்கா. ‘வாரேன்’ மட்டும்தான் கேட்டது. அதை அவ சொல்லாமல் நீங்க சொன்னீங்க. விளங்கீட்டுது.”

கொள்ளி வைத்து, காரியம் முடித்து, அவர் கடலுக்குத் திரும்பிவிட்டார். ஆண்டெனா கூரையில் இருக்கிறது, மைனாவும் இருக்கிறது. என் போன் மாலையில் அடிப்பதில்லை. மேலே கலங்கியிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்றால் புந்தோங்கில் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல். ‘வாறன்’ என்றால் ‘சரி, வாங்க’ என்று பதில் சொல்வது நம் வழக்கம். அன்று ஆஸ்பத்திரியில் நான் சிரித்துவிட்டதால் பதில் இன்னும் என்னிடமே நிற்கிறது.

போயிட்டு வாங்கக்கா.